மொட்டைக் கார்

துவைக்கிற கல்லில் சட்டையை விரித்தபோதுதான் கத்தரீனா அந்தக் கறைகளைக் கண்டாள். அக்குளுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறைகள். உலக்கைப் பூணைக் கரியில் தோய்த்து ஒற்றி எடுத்ததுபோல் வட்டமாக, விளிம்பு மழுங்கி இருந்தன. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். கரி கையில் ஒட்டியது; மோந்து பார்த்தால் எண்ணெய் மணமில்லை, பெற்றோல் மணமில்லை, அடுப்பில் விழுந்த தலைமயிர் பொசுங்குகிற மணம். கிணற்றடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு வாழையிலைகூட அசையவில்லை, அந்த மணம் மட்டும் போகமாட்டேன் என்று அவளைச் சுற்றி நின்றது.

"உது எண்ணெய்க் கறை," என்றான் அவள் புருஷன் சிமியோன். சட்டையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

சிமியோன் ஓட்டிப் பழகும் பந்தயக் காருக்குக் குருநகரில் மொட்டைக் கார் என்று பெயர். கூரை இல்லை, கதவு இல்லை, சில்லை மூடும் மட்காட் இல்லை. நாலு சில்லும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், நடுவிலுள்ள பொந்துக்குள் ஓட்டுகிறவன் இடுப்புவரை இருப்பான், இடுப்புக்கு மேலே வெறும் ஆகாயம். பந்தயம் ஓடுவதைத் தவிர வேறு எதற்கும் உதவாத அந்தச் சாமானை, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து நல்லூர்ப் பிரக்கிராசி முத்துக்குமாரு வாங்கிவந்திருந்தார். கோட்டில் வழக்குப் பேசுவது அவருக்குத் தொழில், ஊரைத் தன்னைப் பற்றிப் பேசவைப்பது பொழுதுபோக்கு. ஓட்டுவதற்கு மட்டும் வேறு யாராவது வேண்டும். போன வருஷம் குருநகர் அடைக்கலநாதன் ஓட்டினான். வல்லை வெளியில், கோடையில் தண்ணீர் வற்றி இறுகிக் கிடக்கும் தரவையில், பந்தயத்துக்கு முன்னம் தனியே பழகும்போது வளைவில் கார் புரண்டது. ஆள் வெளியே எறியப்பட்டுக் கழுத்து முறிந்து செத்தான் என்று பிரக்கிராசியாரே அவன் வீட்டுக்கு வந்து சொன்னார். சவப்பெட்டியை ஆணியடித்துத்தான் கொண்டுவந்தார்கள். கோயிலிலும் திறக்கவில்லை. இந்த வருஷம் மலைநாட்டுத் தோட்டத்துத் துரைமார் தங்கள் கார்களோடு வருகிறார்கள். மொட்டைக் காரை ஓட்டப்போவது சிமியோன். அவன் தினமும் ஓட்டும் பஸ்ஸும் முத்துக்குமாருவுடையதாக இருக்கும்போது, மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பஸ் ஓட்டம் முடிந்து வல்லைக்குப் போய்ப் பழகிவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் சட்டையில் கறைகள் இருந்தன. அதே இடம், அதே அளவு. ஒரு நாள் அக்குள் தையலும் பிரிந்திருந்தது. அன்றைக்குச் சிமியோன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கத்தரீனா விசிறியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, எனக்கும் ஒளிக்கிறியளோ?"

"சொன்னா நீ பயப்பிடுவாய்."

"சொல்லாட்டித்தான் பயமாக் கிடக்கு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "வளைவிலை வரேக்கை ஆரோ பின்னாலை இருந்து கமுக்கட்டுக்குள்ளை கை குடுத்துத் தூக்கிற மாதிரிக் கிடக்கு. உடம்பு அப்பிடியே சீற்றிலை இருந்து எழும்புது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுத்தான் தப்பினன்."

"ஆரெண்டு திரும்பிப் பாத்தனீங்களோ?"

"திரும்பிப் பாத்தா நான் எங்கை போய் விழுவன்?" என்று சிரித்தான். சிரிப்பில் சத்தமே வரவில்லை.

ஆரென்று கத்தரீனாவுக்குத் தெரிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல், எண்ணெய் பூசாமல், வெட்டைவெளியில் தனியே விழுந்து செத்தவன் ஒருவன்தானே. தனியே கிடக்க முடியாமல் துணைக்கு ஆள் இழுக்கிறான். தான் விழுந்ததுபோல என்ரை மனுசனையும் விழுத்தப் பார்க்கிறான். இப்படித்தான் அவள் நினைத்தாள், அந்த நினைப்பில் துளி சந்தேகம்கூட அவளுக்கு வரவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். புருஷனின் காலைப் பிடித்து அழுதாள். எதற்கும் அசையாதவனிடம் கடைசியாக ஒன்று கேட்டாள், அதற்கு மட்டும் அவன் தலையாட்டினான்.

கத்தரீனா கடற்தொழில் வீட்டுப் பெண். பெரும் புயலொன்றில் அவளுடைய அப்பு தன்னைக் கட்டுமரத்தோடு கயிற்றால் கட்டிக்கொண்டதால்தான் உயிரோடு கரை சேர்ந்தார். கட்டாத இருவரைக் கடல் கொண்டுபோனது. அவர் போட்டது அவர்கள் வீட்டுக்கென்றே உள்ள முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்ப்பதற்கு உள்வளையத்துக்குள் ஒரு விரலை விட்டு இடப்பக்கம் திருப்பவேண்டும். வேறு எப்படிப் பிடுங்கினாலும் கல்லாகிவிடும். கரையில் அன்றைக்கு விரலை விட்டு அவிழ்த்தவள் அம்மா. அந்தத் திருப்பத்தை வெளியாருக்குச் சொல்வதில்லை. கட்டியிருந்தால் சாவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

பந்தய நாளன்று வெயில் உச்சிக்கு ஏறும்வரை காத்திருந்தார்கள். காலைப் பனியில் தரவை இளகியிருக்கும், நன்றாகச் சுட்டால்தான் சில்லுப் புதையாது. உச்சிப்பொழுதில் வல்லை வெளியைத் தனியே கடக்க ஆண்களே தயங்குவார்கள். முனி நடமாடும் நேரம். வேதக்காரிக்கு முனியிலே நம்பிக்கை இருக்கக் கூடாதுதான். கத்தரீனாவுக்கு இருந்தது. வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடந்த நிலமும், அதன்மேல் நடுங்கிக்கொண்டிருந்த காற்றும், அவிந்த சேற்றின் உப்பு மணமும், மறைந்து நிற்க ஒரு செடிகூட இல்லாத அந்தப் பரப்பும் சேர்ந்து அவளைச் சிலுவை போடவைத்தன. இத்தனை வெளிச்சத்தில் எது ஒளிந்துகொள்ள முடியும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

சிமியோனின் இடுப்பைச் சுற்றிக் கயிற்றை ஓட்டி, சீற்றின் முதுகுச் சட்டத்தோடு சேர்த்து, பின்பக்கத்தில் முடிச்சைப் போட்டாள்.

"என்னடா சிமியோன், மாடு கட்டிறமாதிரிக் கட்டுறாள்?" என்றார் முத்துக்குமாரு. பக்கத்தில் நின்ற துரைமாருக்கு அதை இங்கிலீசிலும் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

சிமியோன் தலையைத் திருப்பாமல் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்: "இறுக்கிக் கட்டு."

இறுக்கினாள். வெடி போட்டார்கள். கார்கள் அலறிக்கொண்டு போயின. புழுதி எழுந்து சூரியனை மஞ்சளாக்கியது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து கறுப்புச் சீலையில் ஒரு பெண் நடந்து வந்தாள். அடைக்கலநாதனின் விதவை மரியநாயகி. குருநகரிலிருந்து விடிய முன்னம் வெளிக்கிட்டவள்போலக் கால் முழுக்கப் புழுதி.

"பிள்ளை, உன்ரை மனுசனைப் போகவிட்டிட்டியோ?"

"போயிட்டார் அக்கா. ஆனா விழமாட்டார். கட்டிவிட்டிருக்கிறன்."

"கட்டியோ?" மரியநாயகியின் வாய் கோணியது. "ஏன் பிள்ளை கட்டினனீ?"

"அடைக்கலம் அண்ணை மாதிரி வெளியிலை எறிபடாமல்..."

"அவர் எறிபடேல்லையடி!" மரியநாயகி அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பிடிக்குள் ஒரு செபமாலை இருந்தது. "நேத்து, இந்தக் காரைத் திருத்தின கராச்சுக்காரன் குடிச்சுப்போட்டு வந்து அழுது சொன்னான். கார் புரண்டு நெருப்புப் பிடிச்சுதாம். கால் கொழுவி வெளியிலை வர ஏலாமல், உள்ளுக்கை இருந்தே எரிஞ்சவராம். தெரிஞ்சா வேறை ஒருத்தரும் ஓட வரமாட்டினம் எண்டு மறைச்சிட்டினம். பெட்டிக்குள்ளை அவற்றை கையிலை சுத்தச் சொல்லி இந்தச் செபமாலையைக் குடுத்துவிட்டனான் பிள்ளை. சுத்தாமல் திருப்பித் தந்திட்டினம். ஏனெண்டு கேட்டன். ஒருத்தரும் சொல்லேல்லை."

கத்தரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது விழுத்துவதற்கல்ல. வெளியே எடுப்பதற்கு.

முத்துக்குமாருவிடம் ஓடினாள். "ஐயா, காரை நிப்பாட்டுங்கோ! அவிழ்க்கவேணும், எனக்கு மட்டும்தான் அவிழ்க்கத் தெரியும்!" அவர் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "உன்ரை மனுசன் முன்னுக்கு வாறான். பேசாமல் நில்," என்றார்.

அவள் வளைவை நோக்கி ஓடினாள். செருப்பில்லாத காலுக்கு நிலம் அடுப்புத் தட்டாக இருந்தது. முக்காட்டுத் துணியை உருவி ஆட்டினாள். சனம் கைதட்டியது, புருஷனுக்கு உற்சாகம் கொடுக்கிறாளாம். கத்தினாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை. மொட்டைக் கார் தூரத்தில் திரும்பியது. கானலில் அதன் சில்லுகள் தெரியவில்லை, நிலத்தைத் தொடாமல் மிதந்து வந்தது. சிமியோனின் தலை தெரிந்தது. தோள் தெரிந்தது.

தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை.

கறுப்பு. குனிந்தபடி.

கத்தரீனா ஓடுபாதையின் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். வேறு வழி தெரியவில்லை. நிக்கட்டும். மாதாவே, நிக்கட்டும். இரைச்சல் வந்தது. மணம் வந்தது. அதே மணம். சிமியோனின் கண் அவளைக் கண்டது. அவளை விலத்த அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

கார் சரிந்தது. ஒருமுறை புரண்டது. பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.

மேலே நின்ற சில்லு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கிறீச். கிறீச்.

"கத்தரீனா!" சிமியோன் உயிரோடிருந்தான். "வந்து அவிழ்!"

அவள் ஓடினாள். பெற்றோல் மண்ணில் ஊறும் சத்தம். பிறகு 'பக்' என்று ஒன்று. உச்சி வெயிலில் நெருப்புக் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று நடுங்கியது, சாயம் கொப்புளித்தது, அவ்வளவுதான். யார் யாரோ அவளைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். கடித்தாள். உதைத்தாள். விடவில்லை.

சீற்றின் முதுகு அவள் பக்கம் இருந்தது. முடிச்சு தெரிந்தது. அவள் போட்ட முடிச்சு. சிமியோன் முன்னுக்குத் திமிறத் திமிற அது இறுகியது.

முடிச்சருகே ஒருவன் முழங்காலில் இருந்தான்.

வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் கரி. பொறுமையாக, மிகப் பொறுமையாக, முடிச்சை இப்படித் தள்ளினான். அப்படித் தள்ளினான். அது இளகவில்லை.

அப்புவின் வீட்டுக்கு வெளியே போகாத அந்தத் திருப்பத்தைக் கத்தரீனா அந்த வெளி முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"விரலை விடுங்கோ அண்ணை! உள்வளையத்துக்குள்ளை விரலை விட்டு இடப்பக்கம் திருப்புங்கோ! அடைக்கலம் அண்ணை! விரலை விடுங்கோ!"

அவன் நிறுத்தினான். குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பினான். கண் இருந்த இடத்தால் அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான்.

மணிக்கட்டோடு முடிந்திருந்தன. உலக்கைப் பூண் அளவில், வட்டமாக, மழுங்கி. ஒரு விரல்கூட இல்லை.

காட்டிவிட்டு, மறுபடி குனிந்து, முடிச்சைத் தடவத் தொடங்கினான். சிமியோன் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.