நாற்பத்தொரு விநாடிப் பெரட்டு

கீழ் கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் அந்த லைனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டைப் பூட்டி ஆறு மாதம். பன்னிரண்டு வீடுகளில் ஒன்றில் மட்டும் அடுப்புப் புகை. அது ராஜகுமாரி அக்காவின் வீடு.

அவர் கணவர் சுரேந்திரன் அங்கே கங்காணி. தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் கொழுந்து எடுப்பது என்று சொல்லி அனுப்புவார். அதைப் பெரட்டு என்பார்கள். கடைசி நாள் பெரட்டைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தார். அடுத்த மாதமே இறந்துபோனார். அக்காவிடம் மிஞ்சியது அந்தக் குரல்தான். அதையும் காணவில்லை என்றுதான் செல்போன் கடைக்காரனான என்னை வரச் சொல்லியிருந்தார்.

"உயிரோட இருந்தப்பவும் அந்த மனுசன் தேடுனா கிடைக்க மாட்டாரு" என்றார்.

குரல் அழியவில்லை என்று விளக்கினேன். பல பாட்டு ஆப்கள் ஒரு நிமிடத்துக்குக் குறைந்ததைப் பாட்டாகவே மதிப்பதில்லை. பட்டியலில் காட்டாமல் ஒதுக்கிவிடும். சிலவற்றுக்கு நெட் வேண்டும். லைனில் சிக்னலே கிடையாது. அதனால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடிக் காட்டும் சின்ன ஆப் ஒன்றை என் போனிலிருந்து ஏற்றினேன். மைக் அனுமதி கேட்காதது. இருப்பதை வாசிக்கும், புதிதாக எதையும் பதியாது.

வந்துவிட்டது. நாற்பத்தொரு விநாடி.

வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்" என்று ஒரு குரல். கடைசியாக, "ராஜகுமாரி." பதில் இல்லை. மறுபடியும், "ராஜகுமாரி." அன்று அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாராம்.

பழக்கம் விடவில்லை. "இருக்கேங்க" என்றார் அக்கா, போனைப் பார்த்து.

வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நாற்பத்தாறு விநாடி.

திரையைத் துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறுதான்.

போட்டேன். இப்போது அக்காவின் பதிலும் அதில் இருந்தது. அதற்குப் பின்னால் சுரேந்திரனின் குரல், மெதுவாக.

"ஏழாம் நம்பர் காட்டுக்குப் போ."

அடுப்புப் புகையை மீறிப் பச்சைக் கொழுந்தின் வாடை அடித்தது.

அக்கா கூடையை எடுத்தார். நான் வாசலை மறித்தேன். ஏழாம் நம்பரில் கிளை வெட்டிக் கவாத்து பண்ண ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிவிட்டது, கிள்ளக் கொழுந்தே கிடையாது, போகாதீங்க என்றேன்.

"இங்க இருந்து என்ன செய்ய, தம்பி? என் பேரைக் கூப்பிட வேற யாரு இருக்கா?"

என்னை விலக்கிவிட்டு இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். மூட்டத்தில் பத்தடி முன்னால் கூடை தெரிந்தது.

பிறகு தெரியவில்லை.

மறுநாள் தேடிப் போனவர்களுக்குக் கூடை மட்டும் கிடைத்தது. விளிம்பு வரை இளங்கொழுந்து. கிள்ளிய காம்பில் ஈரம் காயவில்லை.

போன் என்னிடம்தான் இருக்கிறது. ஆப்பை நீக்கினேன். வாசிக்க ஆப் இல்லாவிட்டால் எந்தப் பதிவும் வெறும் எண்கள்தான், தானாக ஒலிக்காது. பதிவையும் அழித்தேன். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தேன்.

அந்தப் போன் கிடக்கும் கடை மேசையின் மேல் கொழுந்து கிள்ளும் சத்தம் கேட்கிறது. நிதானமாக, வரிசை தப்பாமல், என் பக்கம் நகர்ந்து வருகிறது.