வலது மூலையில் ஜெபா!

எந்த டவரின் சிக்னலும் நுழைய முடியாத அறைக்குள் செல்போன் அலறியது!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. செல்போன் டவர்களுக்கு ஆன்டெனா செய்யும் கம்பெனியின் டெஸ்ட் அறை. சுற்றிலும் இரும்புத் தகடு. அதன் மேல் கூர்கூராகக் கறுப்பு ஸ்பாஞ்சு. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே எறும்புக்குக்கூடக் கேட்காது.

உள்ளே... ஜெபா!

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் டெஸ்ட் ஆபரேட்டர். சீனியர் டெக்னீஷியன் தணிகைவேல் அவசரமாக வரச் சொன்னதால் வந்தவள்.

ஐந்து நிமிடம் முன்புதான் உள்ளே நுழைந்தாள். வலது மூலையில் தணிகைவேல் குப்புறக் கிடந்தார். தலையைச் சுற்றி ரத்தம்!

அவள் வீறிடுவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

கதவைத் தடவினாள். உள்பக்கக் கைப்பிடியைக் காணோம்!

இப்போது அடிப்பது ஸ்டாண்டில் இருந்த டெஸ்ட் போன். இந்த அறையின் ஆன்டெனாவோடு மட்டுமே பேசும் போன். மறுமுனை, வெளியே கம்ப்யூட்டர் மேஜையில்.

எடுத்தாள்.

"ஜெபா..."

குவாலிட்டி மேனேஜர் பாக்கியராஜின் குரல்.

"சார்! தணிகைவேல் அண்ணன் அடிபட்டுக் கெடக்குறாரு சார்! கதவத் தொறங்க!"

"தெரியும்மா. நான்தான் முடிச்சேன்."



"இ... இன்னா சார் சொல்றீங்க?"

"இருநூறு ஆன்டெனா. ஒண்ணையும் டெஸ்ட் பண்ணாம பாஸுன்னு கையெழுத்துப் போட்டேன். லாரி கேட்ல நிக்குது. உங்க அண்ணன் ரெண்ட எடுத்து டெஸ்ட் பண்ணிட்டான். ரெண்டும் ஃபெயிலு. ஹெட் ஆபீஸுக்கு சொல்லுவேன்னு குதிச்சான். உன்னையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாமப் போச்சு..."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் சார்! ஊட்ல எங்கம்மா தனியா கீது..."

கெஞ்சிக்கொண்டே ஜெபா சுவரோரமாக நகர்ந்தாள்.

"எங்க போற? இடது பக்கம் மூணடி!"

சட்டென்று நின்றாள்.

"இருட்டுல எப்படித் தெரியுதுன்னு பாக்கறியா? உள்ள கீறது நல்ல பீஸும்மா. அறுபத்து நாலு குட்டி ஆன்டெனாவும் ஒண்ணாச் சேந்து, போன் எங்க போவுதோ அங்கயே சிக்னலத் திருப்பும். ஸ்கிரீன்ல கோடு உன் பின்னாலயே வருது. ஓடு... பாக்கலாம்!"

ஸ்பாஞ்சு சுவர்கள் நெருங்கி வருவது போலிருந்தது. எதிரொலியே இல்லாத அந்த அறையில் அவள் இதயம் அடிப்பது அவளுக்கே கேட்டது.

"இரும்பு ராடோட வரேன். ரொம்ப வலிக்காது."

ஜெபா கண்களை இறுக மூடினாள். திறந்தாள்.

ஆன்டெனா துரத்துவது தன்னை அல்ல... போனை!

தவழ்ந்தாள். கை தணிகைவேலின் சட்டையில் பட்டது.

"மன்னிச்சுக்கணா..."

அழைப்பைத் துண்டிக்காமல் போனை அவர் பேன்ட் பாக்கெட்டில் சொருகினாள். சத்தமில்லாமல் கதவுப் பக்கம் ஊர்ந்தாள்.

"வலது மூலைல போய் ஒண்டிக்கினியா? அங்கயே இரு!" பாக்கெட்டுக்குள் பாக்கியராஜ் சிரித்தான்.

கதவு திறந்தது.

டார்ச் வெளிச்சம் நேராக வலது மூலைக்குப் பாய்ந்தது. பின்னாலேயே அவன். ஓரடி... ஈரடி...

ஜெபா பாய்ந்தாள்! வெளியே விழுந்தாள்! கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள்!

அலாரத்தை அழுத்தினாள். வாட்ச்மேன் குப்புராஜ் கேட்டிலிருந்து ஓடிவரும் பூட்ஸ் சத்தம்.

மூச்சிரைக்க ஸ்கிரீனைப் பார்த்தாள்.

கோடு... மேலே எழுந்துகொண்டிருந்தது!

போன் பாக்கியராஜ் கைக்குப் போய்விட்டதோ! மேஜையில் கிடந்த ரிசீவரை எடுத்தாள்.

"ஜெபா... கதவத் தொறம்மா..."

அது பாக்கியராஜின் குரல் அல்ல!

"அ... அண்ணா?! நீங்களா?!"

"மயக்கம்தாம்மா. நீ போனு சொருவசொல்ல முழிப்பு வந்துச்சு. அந்தாளு கிட்ட வந்து குனிஞ்சாரு. கால வாரிவுட்டேன். தலை ஸ்டாண்டுல மோதி வுழுந்துட்டாரு. இப்ப அவரு மேலதான் குந்திக்கினு கீறேன்."

ஜெபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"உங்கள முடிச்சிட்டேன்னு சொன்னாரேணா!"

"அவரு என்னிக்கும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு? ஆன்டெனாவப் பாக்காம பாஸுன்னு போட்ட மாதிரி... என்னையும் பாக்காம ஃபெயிலுன்னு போட்டுட்டாரு!"