நீவெஸ் எடுத்த ஒடுக்கு

நேற்று மாலை தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியபோதும் மேடு பள்ளம் தட்டுப்படாத அதே இடத்தில், இன்று காலை நீவெஸின் கை ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நவம்பர் மாதத்துப் பனிமூட்டம் பால் திரிந்ததுபோல நின்றுகொண்டிருந்தது. கார் ஷெட்டுக்குள் பழைய எண்ணெயும் தின்னரும் கலந்த வழக்கமான வாசனை. விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். பானட்டின் வலது பக்கம், முன்விளக்குக்குச் சற்று மேலே, ஒரு தர்பூசணி உட்காரும் அளவுக்குப் பழைய ஒடுக்கு அப்படியே திரும்பி வந்திருந்தது. அது கூடப் பரவாயில்லை, அலுமினியம் சில நேரம் பழைய வளைவுக்கே போகப் பார்க்கும். ஆனால் உலர்ந்த பட்டி வளையாது. வளைத்தால் பிளக்கும், செதில் செதிலாக உதிரும். தரையில் ஒரு துகள் இல்லை. பட்டியும் தகடும் சேர்ந்து, ஈர மாவில் கை அமுக்கியதுபோல வழுவழுவென்று உள்ளே போயிருந்தன.

"சரி, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றாள் வண்டியிடம். சுத்தியலை எடுத்தாள்.

இருபத்தாறு வருஷம் டூரினில் பம்புத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவள். ஆலையை மூடினார்கள். அதே மாதம் அப்பா ஒரெஸ்டேவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கவனித்துக்கொள்ள ஊருக்குத் திரும்பி வந்தவள், மூன்றாம் நாளே ஷெட்டின் மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். இரண்டு பேர் உட்காரும், கூரையில்லாத, கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. டூரினில் எப்போதோ மூடிப்போன ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே தட்டிச் செய்த உடல். அவள் சின்ன வயதில் அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: எஞ்சின் பிடித்துக்கொண்டுவிட்டது, இனி ஓடாது.

நீவெஸ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஸ்பானரைப் போட்டுத் திருப்பினாள். எஞ்சின் வெண்ணெய்போலச் சுழன்றது.

அந்த நிமிஷமே இந்த வண்டியைத் தானே ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். மார்ச்சில் கார்புரேட்டர் இரண்டையும் பிரித்தாள். எலி கடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்துப் போட்டாள். அக்டோபரில் எஞ்சின் உறுமியது. மேல்மாடியில் அப்பா தரையைத் தடியால் இடித்தார். அவள் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

மதியம் அரிசி சூப்பை ஊட்டும்போது அவர் கேட்டார். "இன்னும் அதைத்தான் குடைஞ்சிட்டு இருக்கியா?"

"முடியப்போகுது."

"பொம்பளைக்கு எதுக்குடி அந்த வண்டி?"

"ஓட்டறதுக்கு."

ஒரெஸ்டே கரண்டியை ஒதுக்கித் தள்ளினார். "முன்பக்கத்தைத் தொடாதே. அது பாட்டுக்கு அப்படியே கிடக்கட்டும்."

"ஏன்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூப் அவர் மோவாயில் வழிந்தது. துடைக்கப்போன அவள் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒடுக்கு திரும்பவும் வந்திருந்தது, இந்தத் தடவை இன்னும் ஆழமாக. தர்பூசணி அளவுப் பள்ளத்திலிருந்து ஒரு நீளமான வாய்க்கால் கிளம்பி, பானட்டின் நடுவரைக்கும் போய், அங்கே மடங்கியிருந்தது. அன்றைக்கு அவள் தகட்டைத் தீயில் வாட்டி, அடியில் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, தோள் கழன்றுவிடும்போல அடித்தாள். வேலை முடிந்ததும் பானட்டுக்கும் மட்கார்டுக்கும் குறுக்கே நாலு இடத்தில் காகித டேப் ஒட்டினாள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

காலையில் டேப் நாலும் ஒட்டியபடி இருந்தது. ஒடுக்கும் இருந்தது.

இந்தமுறை வாசனையும் இருந்தது. வாய்க்கால் சேறும் அழுகிய நெல் வைக்கோலும் சேர்ந்த ஈர வாடை. இந்த ஊரில் எல்லா வயலோரத்திலும் அடிப்பதுதான், ஆனால் சிமெண்டுத் தரை போட்ட ஷெட்டுக்குள் அடிக்க வேண்டியதில்லை. அவள் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தபோது, எங்கோ பக்கத்தில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் கேட்குமே, அது. வேகமாகக் கேட்டு, தளர்ந்து, இன்னும் தளர்ந்து, ஒவ்வொரு டிக்குக்கும் நடுவே மூச்சு விடும் நேரமாகி, அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. வீட்டில் சைக்கிளே கிடையாது. அவள் அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தாள், வண்டிக்கு அடியிலும் பார்த்தாள்.

"வேலை செய்றேன்ல. தொந்தரவு பண்ணாதே" என்று உரக்கச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. உப்புத்தாளை மறுபடி நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்று பதினோரு மணிக்குத் தார்சீசியோ வந்தான். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம் பெயிண்டுக் கடை வைத்திருப்பவன். அவளைவிட ஏழு வயது மூத்தவன், ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதன். கையில் கரும்பச்சைப் பெயிண்டு டப்பா.

"மேஸ்திரியம்மா! கலர் கலந்து கலந்து என் கண்ணே பச்சையாயிடுச்சு. காப்பி உண்டா, இல்ல பிரேக் ஆயில்தானா?"

"யோவ், ரெண்டும் ஒரே டம்ளர்லதான் இருக்கு. பாத்துக் குடி."

"நாலு நாளா அதே ஒடுக்கையா தட்டறே? பம்புக் கம்பெனியை ஏன் மூடினாங்கன்னு இப்பதான் புரியுது." சிரித்துக்கொண்டே குனிந்தான்.

சிரிப்பு நின்றது.

நீவெஸ் காப்பியோடு திரும்பினாள். அவன் பானட்டின் நடுவில், அந்த வாய்க்கால் மடங்கிப்போய் முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவள் கவனிக்காத ஒன்று அங்கே இருந்தது. கவனிக்காததா, அப்போது இல்லாததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஐந்து சின்னப் பள்ளங்கள், விரித்த விரல்களாக. அதில் மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

தார்சீசியோ தன் விரலை அந்தப் பாதி விரலுக்குள் வைத்தான்.

"மில்லுல பெல்ட்ல மாட்டிக்கிச்சு. பதினேழு வயசுல" என்றான். "எங்க அக்காவுக்கு."

அவனுடைய அக்கா டெல்ஃபினாவைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். மில் வேலை முடித்துச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவளைப் பனிமூட்டத்தில் ஏதோ வண்டி அடித்து வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போனது. அறுபத்தெட்டு நவம்பர், நாற்பத்தேழு வருஷம் ஆகிறது. எந்த வண்டி என்று கண்டுபிடிக்கவே இல்லை. அப்போது தார்சீசியோவுக்கு ஒன்பது வயது.

"உங்கப்பா இந்த வண்டியை ஓட்டறதை எப்ப நிறுத்தினார்?"

"அறுபத்தெட்டுல."

"எந்த மாசம்?"

அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அப்போது இரண்டு வயது. அவன் காப்பியைத் தொடாமல், பெயிண்டு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, பனிக்குள் நடந்துபோனான்.

நீவெஸ் எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் மாடிக்கு ஏறினாள். ஒரெஸ்டே தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெல்ஃபினாவை நீங்கதான் அடிச்சீங்களா?"

"நாய்னு நெனச்சேன்" என்றார் அவர். இத்தனை வருஷமாகத் தயாராக வைத்திருந்ததுபோல உடனே வந்தது பதில்.

"நாய் சைக்கிள் ஓட்டுமா அப்பா?"

"பனி. உனக்கென்ன தெரியும், அந்தப் பனி..." வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "இறங்கிப் பாத்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? நீ சின்னக் குழந்தை. உங்கம்மா சீக்காளி. நான் ஜெயிலுக்குப் போயிருந்தா உனக்கு யாரு சோறு போட்டிருப்பா?"

"அவ உயிரோட இருந்தாளா?"

அவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தார். அவர் குரல் அவள் இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது.

"நானும் தட்டினேன்டி. அஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தியா வந்துச்சு. தோளு, அப்புறம் முழங்கை. அதுக்கப்புறந்தான் தார்ப்பாயைப் போட்டு மூடினேன்." மூச்சு வாங்கினார். "முகம் வந்துடுச்சா?"

அவள் கீழே ஓடினாள்.

பானட்டின் கொக்கியை விடுவித்துத் தூக்கினாள். வெளியே பள்ளமாக இருப்பது உள்ளே புடைப்பாக இருக்கும். அவளுக்குத் தெரியும். தெரிந்தே தலையை நீட்டிப் பார்த்தாள்.

தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பெண் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். தோள். மடங்கிய கை. ஒரு பக்கம் திரும்பிய முகம். மூக்கின் நுனி, உதட்டின் வெடிப்பு, மூடிய இமைகள், நெற்றியில் ஒட்டிய மயிர்ச்சுருள், எல்லாம் அலுமினியத்தில். உதடு ஈரமாக இருந்தது. ஒரு சொட்டு கார்புரேட்டர் மேல் விழுந்தது. சேற்று வாடை.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. நீவெஸ் பானட்டைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைத்தான் தீயில் வாட்டியிருக்கிறாள். அடித்திருக்கிறாள்.

"இனிமே தட்ட மாட்டேன்" என்றாள் அந்த முகத்திடம். "பயமுறுத்தணும்னா பயமுறுத்திக்கோ. உன்னை உன் தம்பிகிட்டக் கொண்டுபோகப் போறேன். அங்கேயிருந்து போலீசுக்கு. மறைக்க மாட்டேன்."

பானட்டை மெதுவாக, சத்தம் வராமல் இறக்கினாள். ஷெட்டின் பெரிய கதவுகளை அகலத் திறந்தாள்.

மேலே ஜன்னல் திறந்தது. "நீவெஸ்! வெளியே எடுக்காதே! இது என் வீடு! என் வண்டி!"

"வண்டி உங்களோடதுன்னு அங்கயும் சொல்லுங்க" என்று கத்தினாள். வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு, வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது.

நடுப்பகல். விளக்கைப் போட்டும் மூக்குக்கு முன்னால் பானட், அதற்கு முன்னால் வெள்ளை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்த நெல்வயல்கள் இருக்க வேண்டும். தெரியவில்லை. இரண்டாம் கியர். பனி அவள் முகத்தில் நூல் நூலாக ஒட்டியது.

டிக், டிக், டிக்.

வலது பக்கம். அவளோடு சமமாக.

வேகத்தைக் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. "கூட வா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அது கூடவே வந்தது. வாய்க்கால் கரை நெடுக. ஒரு கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில். ஆற்றுப்பாலம் வந்தது. அங்கே சத்தம் தயங்கியது. நின்றது. பிறகு திரும்பியது. டிக், டிக், டிக். பின்னால். அவள் வந்த வழியே, வேகமாக.

தார்சீசியோவின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவன் உள்ளேயிருந்து வந்தான். கண் சிவந்திருந்தது. இருவரும் பானட்டைப் பார்த்தார்கள்.

ஒடுக்கு இல்லை. பட்டி இல்லை. சுத்தியல் தடம் ஒன்றுகூட இல்லை. பட்டறையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோலத் தகடு வழவழவென்று கிடந்தது. தார்சீசியோ முன்னும் பின்னும் தடவினான். பானட்டைத் தூக்கி அடியில் பார்த்தான். தகடு. வெறும் தகடு.

"இங்கதானே இருந்துச்சு. நான் விரலை வெச்சேனே."

"நான் எடுக்கல. சத்தியமா நான் எடுக்கல."

"அப்ப எங்க போச்சு?"

நீவெஸ் திரும்பி, பாலத்துக்கு அந்தப்பக்கம் அடர்ந்திருந்த பனியைப் பார்த்தாள். "ஏறு" என்றாள்.

வீட்டு வாசல் பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். மாடிப்படியில், அடியிலிருந்து உச்சிவரைக்கும், ஒவ்வொரு படியின் மேலும் முன்பக்கத்திலும் விடாமல் ஏறிப்போன ஒற்றைக் கோடு. விரல் அகலம். ஈரச் சேறு. அதில் சைக்கிள் டயரின் வரிகள்.

"நீ இங்கயே இரு" என்றாள்.

"மாட்டேன்" என்றான் தார்சீசியோ.

ஏறினார்கள். அறைக்கதவு திறந்திருந்தது.

ஒரெஸ்டே மல்லாந்து கிடந்தார். ரத்தம் இல்லை. சட்டைப் பொத்தான்கள் தெறித்துப்போயிருந்தன. கழுத்திலிருந்து தொப்புள்வரை அவர் நெஞ்சு உள்ளே போயிருந்தது. தோல் கிழியவில்லை. எலும்பு துருத்தவில்லை. ஈர மாவுபோல வழுவழுவென்று. ஒரு தோள். மடங்கிய கை. ஐந்து விரல்கள், அதில் ஒன்று பாதி. ஒரு பக்கம் திரும்பிய முகம்.

அவர் உயிரோடு இருந்தார்.

"நீவெஸ்..." காற்றாக வந்தது குரல். "உனக்கு வேலை தெரியுமே... நிமித்திடு... எடுத்துடு..."

"அக்கா" என்றான் தார்சீசியோ. கட்டிலருகே மண்டியிட்டான்.

அப்பாவின் ஒரு கை போர்வையைத் தேடியது. விளிம்பைப் பற்றி, நெஞ்சுக்கு மேலே இழுத்தது. மூடிக்கொள்ளப் பார்த்தார். நீவெஸ் போர்வையைப் பிடித்து அவர் கையிலிருந்து உருவித் தரையில் போட்டாள். ஜன்னலை விரியத் திறந்தாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணு, தார்சீசியோ. போலீசுக்கும் பண்ணு. வந்து பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

ஒரெஸ்டே தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கத்துவதற்காக மூச்சை ஆழமாக இழுத்தார். நெஞ்சு மெல்ல மேலெழும்பியது. அந்தப் பள்ளத்துக்குள், அவருடைய தோலில், மூடியிருந்த இரண்டு இமைகள் திறந்தன.