ஏழு கால் அத்தை

ஈஸ்டர் நோன்பு தொடங்கும் சுத்தத் திங்களன்று காலையில் பிடித்த மழை, கர்டிட்சா ஊரில் ஒருவரையும் வழக்கம்போல் பட்டம் விட விடவில்லை. ஆசை ஆசையாய் வாங்கிய பட்டங்கள் எல்லா வீட்டிலும் பீரோவுக்கு மேல் மல்லாந்து கிடந்தன. ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

ஸ்மாரோவின் வீட்டில் மேசை முழுக்க மாவு. அம்மா அசிமினா அதில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். தின்பதற்கான மாவு அல்ல அது. ஈஸ்டர் வரும்வரை சமையலறைச் சுவரில் தொங்கப்போகும் நோன்பு அத்தைக்கான மாவு.

நோன்பு அத்தைக்கு நீளப் பாவாடை உண்டு, மார்பில் கட்டிய கைகள் உண்டு, பாவாடைக்குக் கீழே ஏழு கால்கள் உண்டு. சனிக்கிழமைக்கு ஒரு கால் என்று உடைத்துக்கொண்டே வர வேண்டும். ஏழாவது காலும் போனால் மறுநாள் ஈஸ்டர்.

"இவளுக்கு ஏம்மா வாயே இல்ல?" என்று கேட்டான் நோந்தாஸ். ஸ்மாரோவின் தம்பி. ஆறு வயது.

"நோன்புல இருக்கா இல்ல? வாய் இருந்தா எதையாவது மென்னுக்கிட்டே இருப்பா, உன்னை மாதிரி."

நோந்தாஸ் வாயிலிருந்த அல்வாவை அவசரமாக விழுங்கினான். "ஏழு காலுக்கும் செருப்பு வாங்கணும்னா இவங்க அப்பா பாவம்."

ஸ்மாரோ சிரித்ததில் மாவு பறந்தது. அவளுக்குப் பத்து வயது. சிரித்து முடித்ததும்தான், இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா எப்போ தீவுக்குப் போவா?" என்று நோந்தாஸ் அடுத்த கேள்வியைப் போட்டான்.

அப்பா பாண்டெலிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டிருந்தார். தேதி சொன்னால் சின்னவனுக்குப் புரியாது என்று நினைத்து, "இந்த அத்தையோட காலெல்லாம் தீந்ததும் அம்மா கிளம்பிடுவா" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நல்ல எண்ணத்தில் சொல்லும் சில பேச்சுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பது எல்லோருக்கும் நல்லது. நோந்தாஸ் ஒவ்வொரு மாவுக் காலாகத் தொட்டு எண்ணினான். ஏழுவரை அவனுக்குப் பிழையில்லாமல் எண்ணத் தெரியும்.

அம்மா எட்டு வருடம் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். போன இலையுதிர் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க அவள் நீல அங்கியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் "ம்" என்பாள். பிப்ரவரியில் ரோட்ஸ் தீவிலிருந்து போன் வந்தது. ஒரு ஹோட்டலில் கேக் செய்ய ஆள் வேண்டுமாம். ஈஸ்டர் முடிந்த கையோடு வந்தால், அக்டோபர் முதல் வாரம்வரை வேலை. அன்று சாயந்திரம்தான் பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் ரொட்டி வாசனை அடித்தது.

முதல் சனிக்கிழமை. "சின்னவன் உடைக்கட்டும்" என்று அப்பா அவனைத் தூக்கிப் பிடித்தார். நோந்தாஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கடைசியில் ஸ்மாரோதான் உடைத்தாள். 'டிக்' என்று சின்னச் சத்தம். நோந்தாஸ் உடனே திரும்பி, அம்மா அங்கேயே இருக்கிறாளா என்று பார்த்தான்.

இரண்டாம் சனிக்கிழமை காலையில் அத்தைக்குப் புதிதாக ஒரு கால் முளைத்திருந்தது. பச்சை நிறக் களிமண் கால். பள்ளிக்கூடத்தில் பொம்மை செய்யும் களிமண். மற்ற கால்களைவிட இரண்டு மடங்கு பருமன்.

அம்மா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, ஏற்கெனவே கழுவி வைத்த தட்டுகளை எடுத்து வெகுநேரம் திரும்பக் கழுவினாள். அப்பா பச்சைக் காலைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் காலையும் உடைத்தார்.

மூன்றாம் சனிக்கிழமை சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அத்தையைக் காணவில்லை.

"நோந்தாஸ், அத்தை எங்கடா?" என்றார் அப்பா.

"கால் வலிச்சிருக்கும். அவங்க ஊருக்குப் போயிருப்பா."

சொல்லிவிட்டு அவன் மூன்றாவது ரொட்டித் துண்டில் தேனைத் தடவினான். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. ஸ்மாரோவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தை இல்லாவிட்டால் அம்மா போக மாட்டாள் என்று நம்புகிற வயதை அவள் தாண்டிவிட்டாள். இருந்தும், அம்மா போகக் கூடாது என்று அவளும்தான் ஆசைப்பட்டாள். அந்த ஆசைக்கு ஆறு வயது, பத்து வயது என்றெல்லாம் கிடையாது.

மறுநாள் மத்தியானம் அவள் சமையலறைப் பக்கம் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவருகே நின்றுவிட்டாள்.

"சின்னவன் இப்படி ஏங்கிப் போறான். நாளைக்கே போன் பண்ணி, நான் வரலைன்னு சொல்லிடறேன்" என்றாள் அம்மா.

"மறுபடி கூப்பிடுவாங்களா?"

"எங்க கூப்பிடுவாங்க. விடு பாண்டெலிஸ். வீட்ல இருந்துக்கறேன்."

"உனக்கு எது சரியோ அதைச் செய், அசிமினா" என்றார் அப்பா.

ஸ்மாரோவுக்குத் தலை கால் புரியவில்லை. தன் அறைக்கு ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து, தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அம்மா போகவில்லை. கோடை முழுக்க அம்மா இங்கேதான்.

அந்தச் சந்தோஷம் தண்ணீர் குடிக்கப் போகும்வரைதான் நீடித்தது.

அம்மா நீல அங்கியில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹோட்டலுக்கென்று வாங்கிய வெள்ளைச் சமையல் கோட்டு, திரும்பப் பைக்குள் போய், அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. போன வாரம்தான் அம்மா அதைப் போட்டுப் பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து "குட் மார்னிங், குட் மார்னிங்" என்று சொல்லிப் பழகினாள். ஸ்மாரோ கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருந்தாள்.

"என்னம்மா பாத்துட்டிருக்கே?"

"மழையை."

வெளியே மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஸ்மாரோ சும்மா இருந்தாலே போதும், நினைத்தது நடந்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் வீட்டில் தங்கப்போவது இந்த நாற்காலி அம்மா. கண்ணாடி முன்னால் நின்ற அம்மா இல்லை. அவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பித் தம்பியைத் தேடிப் போனாள்.

நோந்தாஸ் கட்டிலுக்கடியில் இருந்தான். கையில் மழைக்காலப் பூட்ஸ் ஒன்று. அதற்குள் விட்ட கையை அவன் வெளியே எடுக்கவில்லை. கன்னமெல்லாம் ஈரம்.

"அக்கா, மறந்துபோய் இதுக்குள்ள என் காலை விட்டுட்டேன்" என்று விசும்பினான்.

பூட்ஸைக் கவிழ்த்ததும் அத்தை விழுந்தாள். ஐந்து காலில் மூன்று உடைந்திருந்தது. தலையும் தனியாக வந்துவிட்டது.

"மூணு கால் போயிடுச்சு. இப்போ அம்மா சீக்கிரமே போயிடுவா. என்னாலதான்."

ஸ்மாரோ தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் தானும் நுழைந்தாள். உள்ளே தூசியும் ஒற்றைக் காலுறையும் இருந்தன.

"உன்னால ஒண்ணுமில்லடா. இவ காலுக்கும் அம்மா போறதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்பா சொன்னாரே."

"உனக்குப் புரியணும்னு அப்படிச் சொன்னார். இவளுக்கு நூறு கால் இருந்தாலும் ஈஸ்டர் வர்ற அன்னிக்குத்தான் வரும்."

நோந்தாஸ் மூக்கை உறிஞ்சினான். "அப்போ ஒளிச்சு வெச்சாலும் அம்மா போவாளா?"

அம்மா போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாளே என்ற வார்த்தை ஸ்மாரோவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவள் வெளியே விடவில்லை.

"போவா. போகணும்டா. இங்க இருந்தா அவளுக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. அவ கேக் செஞ்சாத்தான் அவளா இருக்கா."

அவன் அவளை உதைத்தான். இரண்டு உதை. பிறகு ஒரு குத்து. ஸ்மாரோ வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் யாரையாவது உதைக்க வேண்டும்போலத்தான் இருந்தது. பக்கத்தில் ஒற்றைக் காலுறை மட்டுமே இருந்தது.

அழுது ஓய்ந்தபின் நோந்தாஸ் அத்தையின் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இவ அம்மா போறதை மட்டுந்தான் எண்ணுவாளா? வர்றதை எண்ண மாட்டாளா?"

அதைக் கேட்டதும் ஸ்மாரோ சட்டென்று எழப்போய்த் தலையைக் கட்டில் சட்டத்தில் நங்கென்று இடித்துக்கொண்டாள்.

இருவரும் உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டு எடுத்துப்போய், அம்மாவின் மடியில் வைத்தார்கள்.

"அம்மா, மாவு பிசையணும். இவளை ஒட்டணும். அப்புறம் இன்னொருத்தியைச் செய்யணும். அவளுக்கு நிறையக் கால் வேணும்" என்றாள் ஸ்மாரோ.

"எத்தனை?"

"நீ போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள எத்தனை சனிக்கிழமை வருதோ அத்தனை."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்மாரோ, நான் வந்து..."

"நீ அப்பாகிட்ட பேசினதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுட்டேன். போன் பண்ணாதேம்மா." குரல் உடைந்தாலும் ஸ்மாரோ நிறுத்தவில்லை. "நீ போறது எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா நீ இங்க இப்படி உக்காந்திருக்கறது அதைவிடப் பிடிக்கல."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். மூவரும் நன்றாக அழுதார்கள். உள்ளே வந்த அப்பா விஷயம் புரியாமல் விழித்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"அத்தைக்குத் தலை போயிடுச்சு" என்றான் நோந்தாஸ்.

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். எழுந்து அங்கியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். மாவு டப்பாவை எடுத்தாள். "பாண்டெலிஸ், காலண்டரைப் பாத்து எண்ணு. நான் கிளம்பற புதன்கிழமையிலிருந்து, அக்டோபர் பத்து வரைக்கும்."

அப்பா எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார். "இருபத்தாறு."

இருபத்தாறு கால் செய்ய இருட்டும்வரை ஆயிற்று. ஒரே வரிசையில் வைத்தால் அடுப்புத் தட்டில் இடம் போதவில்லை. எனவே பாவாடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒட்டினார்கள்.

"இது அத்தை இல்ல, மரவட்டை" என்றார் அப்பா.

"இவளுக்கு வாய் வைக்கலாமா? அப்போ நோன்பு கிடையாதே" என்றான் நோந்தாஸ். யார் பதிலுக்கும் காத்திராமல் விரலால் ஒரு பெரிய வாயை அழுத்தினான். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

தலையும் இரண்டு காலும் ஒட்டிய பழைய அத்தைக்கு மிச்சமிருந்த நான்கு கால்களும் வாரம் ஒன்றாய் உடைந்தன. ஈஸ்டர் வந்தது, போனது. புதன்கிழமை விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னாள். கண்ணாடி வழியே ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து திரும்பி மறைந்தபின்னும் நோந்தாஸ் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் எந்த அறையில் போய் உட்காருவது என்று தெரியவில்லை. அந்த வாரம் அப்பா மூன்று நாளும் மக்கரோனி செய்தார். மூன்று நாளும் அது அடிப்பிடித்தது.

சனிக்கிழமை. ஸ்மாரோவை யாரோ உலுக்கினார்கள்.

"எழுந்திரு அக்கா. சனிக்கிழமை."

"மணி ஆறுகூட ஆகலடா."

"சனிக்கிழமை வந்தாச்சு. அதான் கணக்கு."

அப்பாவையும் எழுப்பி, மூவரும் அரைத் தூக்கத்தோடு சமையலறைக்குப் போனார்கள். நோந்தாஸ் நாற்காலியில் ஏறினான். இந்த முறை கை பின்னால் போகவில்லை. ஓரத்துக் காலைப் பிடித்து 'டிக்' என்று உடைத்தான்.

ஸ்மாரோ அந்த வாரம் முழுக்க அழவில்லை. தம்பிக்காக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தச் சின்னச் சத்தத்தில் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. நோந்தாஸ் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். உடைந்த காலை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி மூடினான்.

"அழாதே அக்கா. இன்னும் இருபத்தஞ்சுதான். அடுத்த வாரம் நீ உடைக்கலாம்" என்றான்.