பத்தில் ஒன்று குறைந்தது

"ஒருத்தர் வரலைன்னா எல்லாரும் ஏம்மா நிக்கணும்?" என்று அவள் மகன் ஒருமுறை கேட்டான். பள்ளி வேன் தெருமுனையில் ஒரு பிள்ளைக்காகக் காத்து நின்ற காலை அது. "பேசாம உக்காருடா" என்று அவனை அடக்கிவிட்டாள். ஊர் விட்டு ஊர் ஆட்களை அனுப்பிவைக்கும் வேலையில் இருப்பவளுக்கே அந்தக் கேள்வி புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்?

இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் பயண ஏற்பாடு அவள் பொறுப்பு. ஒருவருக்கு ஜன்னலோரம் வேண்டும். இன்னொருவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். மூன்றாமவர் குறட்டைக்காரரோடு ஒரே அறையில் படுக்கமாட்டார். இத்தனை பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுப்பைப் பற்றவைக்கக்கூடக் கை எழாது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சித்தப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேலை போகப்போகுது சித்தப்பா."

சித்தப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கிடங்குகளையும் தொலைந்துபோன லாரிகளையும் பார்த்துப் பார்த்து அவர் குரல் தணிந்துவிட்டிருந்தது. மனுஷன் பொய் சொல்வது பெரும்பாலும் பயத்தில்தான், பேராசையில் இல்லை என்பது அவர் கட்சி. அங்கே வந்திருந்த சித்தியின் தம்பி அப்படியில்லை. அவள் மாமா என்று கூப்பிடும் அவருக்கு ஊரில் நடக்கும் எல்லாவற்றிலும் சதி உண்டு. அவள் மேற்கொண்டு சொல்வதற்குள், "ஆபீஸ்ல உனக்கு வேண்டாதவங்க யாரு, அதை முதல்ல சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், அது மூச்சு விட்டுக்கட்டும்" என்றார் சித்தப்பா.

அவள் சொன்னது இதுதான். வெளிநாட்டில் கம்பெனியின் இயந்திரத்தை வாங்க வருபவர்களைப் பார்க்கப் பத்துப் பேர் போக வேண்டும். குறைந்தது பத்துப் பேர் இருந்தால்தான் விமானக் கம்பெனி குழு டிக்கெட் தரும். பெயர்களைக் கடைசியில் கொடுத்தால் போதும். அதுவரை அவர்களுக்கு அது வெறும் எண்ணிக்கை. நேற்று மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்தே யாரோ பத்தை ஒன்பதாக்கிவிட்டார்கள். ஒன்பது பேர் என்றால் அது குழுவே இல்லை. மொத்த டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது. இன்று காலை அவள் பார்ப்பதற்குள் அந்த இடங்களை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

"ஹோட்டல்லயும் ஒரு படுக்கையைக் குறைச்சிருக்காங்க. போதாக்குறைக்குத் திரையில எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸுல நின்னுச்சு. நான்தான் எதையோ அமுக்கிட்டேன்போல. மேனேஜர் நம்பமாட்டேங்கிறார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியலேன்னா நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுன்னுட்டார்."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கணவர் இறந்த பிறகு சம்பாதிக்க வேறு கை இல்லை. இது அந்த அறையில் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மூவரும் ஆபீஸுக்குப் போனார்கள். பழைய தீ விபத்து ஒன்றில் சித்தப்பாவின் நேர்மையைப் பார்த்திருந்த மேனேஜர், மறுபேச்சில்லாமல் ஒரு சிறிய அறையை ஒதுக்கிக் கொடுத்தார். மாமாவுக்கு ஒரே ஒரு கட்டளை: மூலை நாற்காலியில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது.

எண்ணிக்கை மாறிய அந்த மதியம் எல்லாரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். மாடியில் தங்கியவர்கள் மூன்றே பேர். அவர்களைச் சித்தப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

முதலில் அவளுடைய உதவியாளர் பெண் வந்தாள். போன வாரம்தான் அவளிடம் திட்டு வாங்கியவள். கண் சிவந்திருந்தது. வந்ததும் மாமாவின் கிளிப்பச்சைச் சட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஒன்பது என்றால் டிக்கெட் போய்விடும் என்பது இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது, தெரிந்தே அதைச் செய்வேனா என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அடுத்து விற்பனைப் பிரிவு இளைஞன். குறட்டைக்காரரோடு அறை போட்டதற்காக அவளிடம் சண்டை போட்டவன். "சார், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க" என்று மாமாவைக் கிண்டல் செய்துவிட்டு உட்கார்ந்தான். முதல் வெளிநாட்டுப் பயணம். புது ஷூ வாங்கி, அது கடிக்காமலிருக்க ஒரு வாரமாக ஆபீஸிலேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மூத்த இன்ஜினியர். அந்த இயந்திரத்தை வரைந்தவரே அவர்தான். நிதானமாக வந்து, கையால் மேஜை விளிம்பைத் தொட்டபடி சுற்றிப்போய், மாமாவின் மடியிலேயே உட்காரப் போனார். மாமா "ஐயோ" என்றதும், "வயசாச்சுல்ல, மடி கிடைச்சா விடுவேனா" என்று சிரித்துச் சமாளித்தார். இளையவர்கள் போகட்டும் என்றே தான் நினைத்ததாகச் சொன்னார். "ஒரு இடம் குறைஞ்சா என்னை விட்டுட்டுப் போங்கன்னு பயணம் முடிவான அன்னிக்கே சொன்னேன் சார்."

அவர் போனதும் மாமா பொறுக்கமாட்டாமல், "அத்தான், சந்தேகமே இல்ல, அந்த அழுத பொண்ணுதான். அழுகையில ஒரு நடிப்பு தெரிஞ்சுது" என்றார்.

"உன் சட்டையைப் பார்த்தா யாருக்கும் அழுகைதான் வரும்" என்றார் சித்தப்பா. பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் அப்படி உட்காருவார்.

மதியம், விசாரித்த மூவரையும் மேனேஜரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்.

"இதைக் கெடுதல் செய்ய யாரும் செய்யல" என்று ஆரம்பித்தார். "பயணத்தையே கெடுக்கணும்னு நினைச்சவர் டிக்கெட்டோட நிறுத்தியிருப்பார். ஹோட்டலுக்கும் போய் ஒரே ஒரு படுக்கையை எதுக்குக் குறைக்கணும்? மத்த ஒன்பது பேரும் ஒழுங்கா போய்ச் சேரணும்னு நினைச்சவர்தான் அப்படிச் செய்வார். ஒன்பதானா எல்லாம் போயிடும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இந்த ஆபீஸ்ல டிக்கெட் போடற ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் இல்லை."

உதவியாளர் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ, தான் மட்டும் போகாம நின்னுக்கணும்னு ஆசைப்பட்டவர்தான் செஞ்சிருக்கணும். புது ஷூ போட்டுப் பழகறவர் அப்படி ஆசைப்படமாட்டார்." சித்தப்பா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "மிச்சத்தை நான் சொல்லப்போறதில்ல. சொல்லவேண்டியவர் சொன்னா அதுக்கு மரியாதை. எல்லாரும் டீ குடிச்சுட்டு வாங்க."

இளைஞனும் உதவியாளரும் எழுந்து போனார்கள். மாமாவைச் சித்தப்பா கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனார். மூத்த இன்ஜினியர் எழவில்லை. அவளும் மேனேஜரும் இருந்தார்கள்.

கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகே அவர் பேசினார்.

"கண்ணு போயிட்டிருக்கு சார். நடுவுல ஒண்ணும் தெரியல, ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. இந்த ஆபீஸ் எனக்குப் பழக்கம், சமாளிச்சுக்கறேன். ஏர்போர்ட்ல ஒரு நிமிஷத்துல மாட்டிக்குவேன். வரலன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. கடைசி நேரத்துல ஒரு இடம் குறைஞ்சா நான் நின்னுக்கறேன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன்." அவர் அவள் இருந்த பக்கமாகத் திரும்பினார். "உன் தலையில விழும்னு நினைக்கலம்மா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

மேனேஜர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "அந்த மெஷினைப் பத்தி உங்களைவிட யாருக்குய்யா தெரியும்? நீங்க வந்தே ஆகணும். கண்ணு விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார். அவளைப் பார்த்து, "நீ போய் டிக்கெட்டைப் பாரும்மா" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அவ்வளவுதான்.

படியிறங்கும்போது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாமா நச்சரித்தார். சித்தப்பா தாழ்ந்த குரலில், "பூசணிக்காய் எழுத்து வச்சுப் படிச்சவர் யாரு? உன் சட்டையை, ஏன், உன்னையே பார்க்காதவர் யாரு?" என்றார். மாமா தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

இரண்டு விமானங்களில் பிரித்துப் போட்டு அவள் எப்படியோ பத்து இடம் பிடித்தாள்.

மூத்த இன்ஜினியர் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவருடைய ரகசியம் பிழைத்திருக்கும், அவள் வேலை போயிருக்கும். இந்த நினைப்பு அவளை விடவில்லை. பயணத்துக்கு முந்தைய விடுமுறை நாளில், மகனைச் சித்தியிடம் விட்டுவிட்டு, ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். விமான நிலைய வாசலில் அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"லீவு நாள்ல உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு?"

"பழக்கம் பண்ணிட்டா ஆபீஸ் மாதிரிதானே சார்?"

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, வாசலிலிருந்து மேடேறும் சரிவு, தள்ளுவண்டிகள் நிற்கும் இடம், இடது பக்கம் திரும்பினால் பெட்டி கொடுக்கும் வரிசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அதற்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மிச்சத்தை வாயால் சொன்னாள். அவர் உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டார். அவர்களைத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை.

இரண்டாம் முறை வாசலிலிருந்து புறப்பட்டபோது அவள் பேசவில்லை. வேண்டுமென்றே ஓரடி பின்தங்கினாள். அவர் சரிவில் ஏறி, தள்ளுவண்டிகளைக் கடந்து, தயங்காமல் இடது பக்கம் திரும்பினார்.

"சரியா வந்துட்டேனாம்மா?"

"வந்துட்டீங்க சார்" என்றாள் அவள். "இன்னொரு தடவை நடப்போமா?"