கோகிலமணியின் அச்சப்பூட்டு

புதுக்காங்கேயத்தில் ஒரு வீட்டுக்கு முதல் துப்பாக்கி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. நல்ல நாள் பார்க்க வேண்டும். பங்காளி வீட்டிலிருந்து இரண்டு பேராவது கூட வர வேண்டும். கடைக்காரர் பட்டுத்துணி விரித்த தட்டில் துப்பாக்கிகளை எடுத்து வைப்பார். வந்தவர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பார்த்து, போன வருஷம் தாங்கள் வாங்கியது இதைவிடக் கனம் என்பார்கள். பிறகு வீட்டில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். செவ்வாய்க் கோளில் விளையும் எலுமிச்சை சாமானியத்தில் நசுங்காது. அதற்கே கால் மணி நேரம் ஆகும்.

கண்ணாடிக் குவிமாடத்துக்குள் எண்ணூறு குடும்பங்கள் வாழும் ஊர் அது. வீட்டுக்கொரு துப்பாக்கி என்பது ஊர்ச்சபையின் உத்தரவு. யாரைச் சுடுவதற்கு என்று கேட்டால், வெளிச்சுரங்கத்துக்காரர்களை என்பார்கள். குவிமாடத்துக்கு வெளியே சுரங்கக் கொட்டகைகளில் வசிக்கும் அந்த ஒப்பந்த ஆட்கள், நுழைவுச்சீட்டோடு உள்ளே வந்து காற்று வடிகட்டி மாற்றுவார்கள், குப்பை அள்ளுவார்கள். அவர்களால் எந்த வீட்டிலும் ஒரு டம்ளர்கூடக் காணாமல் போனதில்லை. திருடினாலும் ஓட இடமில்லை. வெளியே மூச்சுவிடக் காற்றில்லை. ஆனாலும் ஊர் பயந்தது. பயப்படுவதற்குக் காரணம் வேண்டும் என்று யார் சொன்னது?

துப்பாக்கியைச் செய்தவர்கள் புத்திசாலிகள். கோபத்தில் யாரும் யாரையும் சுட்டுவிடக் கூடாது என்று அதில் அச்சப்பூட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். உரிமையாளரின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கடுகளவு அச்சமானி பதிக்கப்படும். அது நாடித்துடிப்பையும் வியர்வையையும் ரத்தத்தில் சுரப்பதையும் அளந்து, இது கோபம், இது பயம் என்று பிரித்துச் சொல்லும். பயம் சிவப்பு எல்லையைத் தாண்டி, எதிரில் ஆளும் இருந்தால்தான் பூட்டு திறக்கும். குண்டு பட்டால் இரண்டு நாள் உடம்பு மரத்துப்போகும். இதயம் பலவீனமானவர்களுக்கு அத்தோடு கதை முடிந்தும் போகும்.

சென்னியப்பன் வீட்டுக்கு இன்னும் துப்பாக்கி வரவில்லை. அவனுக்கு வடக்கு நீர்ச்சுரங்கத்தில் மேற்பார்வை வேலை. மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருக்க மாட்டான். அதனால் துப்பாக்கியை அவன் மனைவி கோகிலமணியின் பெயரில் எடுப்பதென்று முடிவானது. அவளுக்கு முப்பத்து நாலு வயது. பாசித் தொட்டிகளைப் பராமரிப்பவள். கடையில் அவள் கை, செம்புநிறப் பிடி போட்ட சின்னத் துப்பாக்கியின் பக்கம் போனது. உள்ளங்கைக்குள் அது சரியாக உட்கார்ந்தது.

"முதல் துப்பாக்கி கைக்கு அடங்குறதா இருக்கணும் சார். அக்கா மணிக்கட்டு தாங்கணும்ல," என்றாள் ஜெசிந்தா. அந்தக் கடையோடு சேர்ந்த பயிற்சிக்கூடத்தின் ஆசிரியை அவள்.

"அவளுக்கென்னங்க தெரியும்? அந்தக் கறுப்பை எடுங்க. எங்க சித்தப்பா வூட்டுல அதுதான் வச்சிருக்காங்க," என்றான் சென்னியப்பன். கறுப்பு ஒன்றரைக் கிலோ இருந்தது.

பயிற்சி எளிமையானதுதான். இருட்டறையில் ஒளியால் செய்த நிழலாட்கள் எதிரே வருவார்கள். ஒருவன் முகமூடி போட்டிருப்பான், ஒருவன் கடப்பாரை வைத்திருப்பான், மூன்று பேர் கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் சுரங்கத்துச் சட்டை. பார்த்து மிரண்டு பூட்டைத் திறந்தால் தேர்ச்சி. ஊரில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே தேறிவிடுவார்கள். கோகிலமணி முதல் இரண்டு தேர்விலும் தோற்றாள். அச்சமானி பச்சையை விட்டு நகரவே இல்லை.

"இவ்வளவு பேர் வந்தும் பயமே வரலியாக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எலும்புந்தோலுமா இருக்கானுங்களேங்க. சாப்பிட்டுத்தான் வந்தானுங்களோ என்னமோ."

மூன்றாவது முறையும் தோற்றால் அந்த வீட்டுக்கு உரிமம் கிடையாது. தேறாத வீடு என்று குடும்பத்தின் பெயர் ஊர்ப்பலகையில் ஏறிவிடும். "பலகையில எம்பேரு ஏறுச்சுன்னா அப்புறம் இருக்குது உனக்கு," என்று சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான். அவன் கத்துகிறவன் இல்லை. தினம் கை நீட்டுகிறவனும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. மற்ற நாட்களில் குரலைத் தாழ்த்தினால் போதும். பதினோரு வருஷமாக அந்தக் குரல் எப்போது தாழும் என்று காது கொடுத்துக்கொண்டேதான் அவள் சமைத்தாள், துவைத்தாள், தூங்கினாள். இதை அவள் பயம் என்று நினைக்கவில்லை. குடும்பம் நடத்துவது என்று நினைத்தாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது தேர்வுக்கு அவனும் வந்து கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்தான். முகமூடிக்காரன் வந்தான், போனான். கடப்பாரைக்காரன் வந்தான், போனான். கறுப்புத் துப்பாக்கியின் கனத்தில் கோகிலமணியின் மணிக்கட்டு வலித்தது. பூட்டு அசையவில்லை. சென்னியப்பன் எழுந்தான். ஜெசிந்தா தடுப்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே வந்து மனைவியின் முன்னால் நின்றான்.

"வா, வூட்டுக்குப் போலாம்," என்றான் தாழ்ந்த குரலில்.

டக் என்றது துப்பாக்கி. சிவப்பு விளக்கு எரிந்தது. "அச்சப்பூட்டு திறந்தது. உரிமையாளர் தேர்ச்சி பெற்றார். வாழ்த்துகள்," என்றது கூரையிலிருந்து ஒரு குரல். கோகிலமணி கையைச் சுட்டுக்கொண்டவள் போல அதை மேசையில் வைத்தாள்.

தேறிவிட்டாள் என்றதும் சென்னியப்பன் சிரித்தான். அப்புறம்தான் எதிரில் நிற்பது தான் மட்டுமே என்று உறைத்தது. "இதென்னங்க, என்னையப் பார்த்துத் திறக்குது?"

"மெஷின்ல சின்னக் கோளாறு சார்," என்றாள் ஜெசிந்தா. பலமுறை சொல்லிப் பழகிய வேகம் அதில் இருந்தது. "குடும்ப விலக்குன்னு ஒண்ணு இருக்கு. சொந்தக்காரங்க முகத்தைப் பதிஞ்சுட்டா, அவங்க எதிர்ல நிக்கும்போது என்ன ஆனாலும் திறக்காது. நீங்க முன்னால போயி கையெழுத்துப் போடுங்க, நான் முடிச்சுக் கொண்டாரேன்."

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். "அக்கா, விலக்குக்கு உங்க வாயால சம்மதம் சொல்லணும். வேண்டாம்னா போட மாட்டேன். ஆனா எதனால வேண்டாம்னு சபைக்கு எழுதணும்."

"எழுதினா என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு வீட்டுப் பெரியவங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க."

பெரியவர்கள் என்ன பேசுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கோகிலமணி தன் கைகளைப் பார்த்தாள். "வேண்டாம்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"எட்டு வருசமா இங்க இருக்கேன்க்கா. ஒருத்தரும் சொன்னதில்ல."

"போட்டுருங்க கண்ணு," என்றாள் கோகிலமணி. சொல்லும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சை எல்லாம் முறைப்படி முடிந்தன. உறவினர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "எங்க, என்னையப் பார்த்து நீட்டு," என்றான்.

"எதுக்கு மாமா? அதுதான் சரி பண்ணிட்டாங்களே."

"நீட்டுன்னா நீட்டோணும்." குரல் தாழ்ந்தது. ஓரடி முன்னால் வந்தான். "நேத்து அந்தப் பொண்ணு பார்க்க என்னைய அசிங்கப்படுத்தினியே."

அவள் இரண்டு கைகளாலும் துப்பாக்கியைத் தூக்கினாள். காதுக்குப் பின்னால் அச்சமானி சூடேறியது. பயம் சிவப்பு எல்லையைத் தாண்டி, அதற்கு மேலும் ஏறியது. துப்பாக்கி அந்த முகத்தை அடையாளம் கண்டு கம்மென்று இருந்தது. சென்னியப்பன் குழலின் முனையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இப்பத்தான் ஒழுங்கா இருக்குது," என்று விலகி நின்றான்.

அப்போது வாசற்கதவு திறந்தது. "அம்மா, ஃபில்டர் மாத்தணும்," என்று ஒரு சுரங்கத்து ஆள் உள்ளே கால் வைத்தான். ஒல்லியானவன். இரண்டு கைகளிலும் புது வடிகட்டியை ஏந்தியிருந்தான். கோகிலமணி சத்தம் கேட்டுத் திரும்பினாள். கையிலிருந்த துப்பாக்கியும் கூடவே திரும்பியது. உடம்புக்குள் பயம் இன்னும் இறங்கவில்லை. எதிரில் இருந்தது விலக்கில் பதியாத முகம்.

டக் என்று பூட்டு திறந்தது.

அவள் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். ஆனால் பூட்டு திறந்த செய்தி அதே நொடியில் சபைக்குப் போய்விடும். எதிரில் நின்றவனின் நுழைவுச்சீட்டு அப்போதே ரத்தாகும். தவறாகத் திறந்துவிட்டது என்று துப்பாக்கிக்காரி சொன்னால்தான் திரும்பக் கிடைக்கும். கிடைக்காதவனுக்குக் குவிமாடத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் கொட்டகையில் காற்றுப் பங்கும் இல்லை. அந்த ஆளின் சட்டைப்பையில் இருந்த சீட்டு கறுத்துப்போனது. அவன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பார்த்தியா? இவனுகளால ஆபத்துன்னு நான் சொன்னனல்ல," என்றான் சென்னியப்பன். சுவரிலிருந்த சபையின் பேசியில் பச்சை விளக்கு எரிந்தது. நடந்தது என்ன என்று உரிமையாளர் சொல்லுமாறு அது கேட்டது.

சென்னியப்பன் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். "சொல்லு. இவனைப் பார்த்துத்தான பயந்த?" என்றான் தாழ்ந்த குரலில்.

அந்த ஆள் வடிகட்டியைக் கீழே வைக்காமல் காத்திருந்தான்.

"ஆமாங்க," என்றாள் கோகிலமணி.