பச்சையில் செத்த வேங்கை

மாசி பிறந்து இலைகள் உதிர்ந்தால் மலையின் உணர்கருவிகள் திணறும். இலையை வைத்தே மரத்தை அறியப் பழகியவை அவை. அதனால் அந்த ஒரு மாதம் மட்டும் மர ஆய்வாளர் அமலோற்பவம் ஜவ்வாது மலைக்கு நேரில் வருவாள். முதலைத் தோலாய் வெடித்த பட்டை என்றால் கருமருது, முள் முடிச்சோடு நின்றால் இலவு என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து எழுதுவாள்.

தீர்த்தகிரி வீட்டு வேங்கை மரத்தின் முன் அவள் நின்றுவிட்டாள். சுற்றிலும் எல்லா மரங்களும் மொட்டையாக இருக்க, இதில் மட்டும் காய்ந்த இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இலையை உதிர்க்கவும் மரத்துக்கு உயிர் வேண்டும். குச்சியை வளைத்தாள், படக்கென்று ஒடிந்தது. பட்டையைக் கீறினாள், சிவப்புப் பால் வரவில்லை. பச்சை இலையோடு இருந்தபோதே இது செத்திருக்கிறது.

மரக்காப்புச் சட்டப்படி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குடும்பம் காவல். மரம் இருக்கும்வரை மலையிறங்க முடியாது. கல்யாணமாகிக் கீழே போனவர்கள் மேலே வரவும் முடியாது. மரம் தானாகச் செத்தால் விடுதலை. கொன்றால் பன்னிரண்டு வருடச் சிறை.

அடிமண்ணை விலக்கினாள். அடிமரத்தில் விஷம் ஊற்றி மெழுகால் அடைத்த மூன்று துளைகள்.

"பக்கத்து வீட்டு மாது வேலைதாங்க மேடம்," என்றான் தீர்த்தகிரி. "துளை போடுற மெஷின் அவன்கிட்டதான் இருக்கு. என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறான்." சொன்னவன் மாதுவை இழுத்துவர ஓடினான்.

அவன் மனைவி பூங்காவனம் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாது பண்ணலிங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேலூர்ல எம்பொண்ணுக்கு ரெண்டாவது கொழந்த பொறந்திருக்கு. மொதக் கொழந்தையவே நான் தொட்டதில்ல."

அமலோற்பவம் மண்ணைத் தள்ளித் துளைகளை மூடினாள். படிவத்தில் 'வண்டு துளைத்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

தீர்த்தகிரியோடு மாது கோபமாக வந்தான். "மெஷினா? புரட்டாசியில உன் பொண்டாட்டிதான்யா இரவல் வாங்குனா. உங்கிட்ட சொல்லலியா?"

தீர்த்தகிரியின் முகம் வெளிறியது. அவன் வாய் திறந்தால் பூங்காவனத்தோடு அமலோற்பவமும் சிறைக்குப் போவாள். அவள் படிவத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னனு எழுதியிருக்கீங்க?" என்று அவளிடம் கேட்டான் தீர்த்தகிரி.

"வண்டு."

"குடுங்க. நானும் போடுறேன்."

கையெழுத்திட்டு முடிக்கும்வரை அவன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.